தந்திக் கம்பி முதல் தரவு மையம் வரை: கொழும்பின் செய்தித் தடங்கள் பற்றிய சில குறிப்புகள்

தமிழ்ச் சங்க ஆய்விதழொன்றிலே தரவு மையங்களைப் பற்றியும் அவற்றை இணைக்கும் வலையமைப்புகளைப் பற்றியும் எழுதப் புகுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். இது பொறியியற் பீடத்தாருக்குரிய விடயம் என ஒதுக்கிவிடும் மனப்பாங்கு எம்மிடையே நெடுநாளாக உண்டு. ஆயின் அச்சியந்திரத்தின் வருகையை விலக்கிவிட்டு ஆறுமுக நாவலரின் உரைநடையை எவரும் விளக்கிவிட முடியாது. எழுத்து எதன்மீது பதிகின்றது, எவ்வழியாகச் செல்கின்றது, அவ்வழி எவர் கையில் உள்ளது என்பன இலக்கிய வரலாற்றுக்கும் சமூக வரலாற்றுக்கும் புறம்பான வினாக்கள் அல்ல. இன்று எமது எழுத்தின் பெரும்பகுதி தரவு மையங்களில் வாழ்கின்றது. எனவே அவற்றிற்கிடையே ஓடும் தடங்களின் வரலாற்றைக் கொழும்பு என்னும் ஒரு நகரை மையமாகக் கொண்டு நோக்குதல் பொருத்தமாகும்.

பிரச்சினையின் தன்மையை உணர்த்த அண்மைக்கால நிகழ்ச்சியொன்றைக் குறிப்பிடலாம். 2023 ஆகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசாங்கத்தின் முகிற்கணினித் தொகுதி கப்பங்கோரும் மென்பொருளின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச நிறுவனங்களின் ஏறத்தாழ 5,000 மின்னஞ்சற் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 தொடக்கம் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீட்கப்படாமலே போயின. காப்புப் பிரதிகளும் அதே தாக்குதலில் அகப்பட்டன. வலையமைப்பினின்றும் துண்டித்து வைக்கப்பட்ட பிரதி அக்காலப் பகுதிக்கு இருக்கவில்லை. பிரதியை இன்னோரிடத்திற்குக் கொண்டு செல்லும் அதே தடம் அழிவையும் கொண்டு செல்லவல்லது என்னும் உண்மையை அரசு மிகுந்த விலை கொடுத்துக் கற்றது.

தரவு மையம் ஒன்று தனித்து இயங்குவதில்லை. தீ, வெள்ளம், போர், மின்வெட்டு எனப் பலவற்றை எண்ணி, ஒரே தரவு இரண்டு மூன்று இடங்களில் வைக்கப்படுகின்றது. ஓரிடத்தில் ஏற்படும் மாற்றம் மற்றையவற்றுக்கு உடனுக்குடன் அனுப்பப்படல் வேண்டும். இவ்வனுப்புதலுக்கான தொலைதூரத் தடங்களை ஒரு மையத்திலிருந்து மென்பொருளால் ஆளும் முறையே ‘மென்பொருளால் வரையறுக்கப்படும் அகல்பரப்பு வலையமைப்பு’ எனப்படுவது. பெயர் நீளமானது, கருத்து எளியது. சரக்கைச் சுமப்பது ஒன்று, எவ்வழியாற் சுமப்பது எனத் தீர்மானிப்பது வேறொன்று என இரண்டையும் பிரித்துவிடுதலே அதன் சாரம்.

இப்பிரிவினையின் புதுமையை உணர இலக்கியத்தினின்றும் ஓர் உதாரணம் உதவும். எமது தூதுப் பிரபந்தங்களிலும் சிங்கள மரபின் சந்தேசக் காவியங்களிலும் அனுப்புபவனே வழியையும் கூறுகின்றான். பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘கோகில சந்தேசய’ தெற்கே தெவிநுவரவிலிருந்து யாழ்ப்பாணத்தில் இருந்த சப்புமல் குமாரயனுக்கு (எமது மரபில் செண்பகப் பெருமாள்) குயிலைத் தூதனுப்புகின்றது. குயில் எவ்வூரைக் கடக்க வேண்டும், எங்கே தங்க வேண்டும் என்பவெல்லாம் புறப்படும் முன்னரே சொல்லப்பட்டுவிடுகின்றன. பறப்பது குயிலின் வேலை. வழி தெரிவது அனுப்புபவனின் அதிகாரம். அக்காவியம் தோன்றிய அரசியற் சூழலில் அவ்வழி வெறும் இயற்கை வருணனையன்று. கோட்டை அரசின் ஆள்புலத்தைக் காட்டும் படமுமாகும் என்பது கவனிக்கத்தக்கது.

பறவைத் தூது காவியத்தோடு முடிந்துவிடவில்லை. 1850களிற் காலித் துறைமுகத்தில் வந்திறங்கிய ஐரோப்பியச் செய்திகளைக் கொழும்பிலிருந்த ‘ஒப்சேவர்’ பத்திரிகை புறாக்களைக் கொண்டே பெற்றது. 1858இல் காலிக்கும் கொழும்புக்கும் இடையே தந்திக் கம்பி இயங்கத் தொடங்கியதும் புறாக்களுக்கு ஓய்வு கிடைத்தது. கோப்பியின் விலையை இலண்டன் சந்தை தீர்மானித்த காலம் அது. விலைச் செய்தியை ஒரு நாள் முந்தி அறிந்தவன் மற்றையவனை வென்றான். கம்பி முதலிற் சென்ற திசைகளை நோக்கினால் அது எவர் பொருட்டுச் சென்றது என்பது தெளிவாகும். தோட்டத்திலே கோப்பி பறித்த தென்னிந்தியத் தொழிலாளி தன் ஊருக்குச் செய்தி அனுப்புவதற்காக எவரும் கம்பம் நாட்டவில்லை.

கார்ல் மார்க்ஸ் 1853இல் ‘நியூயோர்க் டெய்லி டிரிபியூன்’ பத்திரிகையில் இந்தியாவைப் பற்றி எழுதிய கட்டுரைகளில் மின்தந்தியையும் இருப்புப்பாதையையும் ஒருங்கே வைத்து நோக்கினார். சொந்த நோக்கத்திற்காக ஆட்சியாளர் அமைக்கும் இச்சாதனங்கள் அவர்கள் எண்ணியிராத விளைவுகளையும் தோற்றுவிக்கும் என்பதும், ஆயினும் அவற்றின் பயனை மக்கள் தாமாகவே பெற்றுவிட மாட்டார் என்பதும் அவரது வாதத்தின் இரு பக்கங்கள். முதற் பக்கத்தை மட்டும் படிப்போர் தொழில்நுட்ப வழிபாட்டிலும், இரண்டாம் பக்கத்தை மட்டும் படிப்போர் தொழில்நுட்ப வெறுப்பிலும் முடிவதுண்டு. எமது முற்போக்கு எழுத்தில் இரு வகையினரையும் கண்டிருக்கின்றோம்.

தந்தியின் வரலாற்றில் எமது பொருளோடு நெருங்கிய இன்னொரு கூறு உண்டு. கம்பி ஒன்று; செய்தி பல; எது முதலிற் செல்வது? 1865இற் பாரிசில் உருவான சர்வதேசத் தந்தி உடன்படிக்கை அரசாங்கச் செய்திகளுக்கு முதலிடம் வழங்கியது. பின்னர் கூடிய கட்டணம் செலுத்தியோரின் அவசரத் தந்தி சாதாரணத் தந்தியை முந்திற்று. வரிசை என்பது தொழில்நுட்பம் போலத் தோற்றும் சமூக உறவாகும்.

1885இற் கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதாங்கி நிறைவுற்றதோடு காலியின் காலம் கழிந்தது. கொழும்பு இந்து சமுத்திரத்தின் முக்கிய சந்தி ஆயிற்று. துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனையில் சுமைதூக்குவோரும் வள்ளக்காரரும் சிறு வணிகரும் நெருங்கி வாழ்ந்தனர். கப்பல் எப்போது வரும் என்பதைத் தந்தி அறிந்த முகவர் முன்கூட்டியே அறிந்தார். தொழிலாளி துறைமுக வாயிலில் நின்று அறிந்தான்.

தெற்கே வெள்ளவத்தையின் கதை வேறு. இன்று உயர்ந்த தொடர்மாடிகளும் அங்காடியும் பணிமனைக் கோபுரமும் கொண்டு ‘ஹவ்லொக் சிற்றி’ என நிற்கும் நிலத்தில் முன்னர் வெள்ளவத்தை நூற்றல் நெசவாலை இருந்தது. 1933இல் அங்கு நிகழ்ந்த வேலைநிறுத்தம் இலங்கையின் இடதுசாரி இயக்க வரலாற்றில் ஒரு திருப்புமுனை, கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளம் மார்க்சியர் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமைக்கு மாற்றாகத் தொழிலாளர் மத்தியிற் காலூன்றியது அதிலேதான். ஆலையை ஈண்டு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. ‘மூலதனம்’ முதற் பாகத்தில் வேலைநாளைப் பற்றிய அத்தியாயத்தில், இயந்திரம் இரவில் உறங்குவதை முதலாளி இழப்பாகவே காண்கின்றான் என்பது விளக்கப்படுகின்றது. உறங்கும் கதிர் அவனுக்கு வீணாகும் பணம். உறங்கும் கடலடி வடமும் அவ்வாறே. இக்கருத்துக்குப் பின்னர் மீண்டு வருவோம்.

சுதந்திரத்திற்குப் பிந்திய காலத்தை விரைந்து கடக்கலாம். 1980 வரை அஞ்சலும் தொலைத்தொடர்பும் ஒரே அரச திணைக்களத்தின் கீழ் இருந்தன. பின்னர் தொலைத்தொடர்பு தனித் திணைக்களமாகி, 1991இற் கூட்டுத்தாபனமாகி, கம்பனியாகி, 1997இல் அதன் ஏறத்தாழ 35 வீதப் பங்குகள் யப்பானின் என்.ரி.ரி. நிறுவனத்திற்கு விற்கப்பட்டன. 2008இல் அப்பங்குகள் வேறொரு வெளிநாட்டு மூலதனத்தின் கைக்கு மாறின. திறந்த பொருளாதாரத்தின் வழமையான பாதையே இது.

ஆனால் அதே காலத்தில் எமது மக்களின் செய்தித் தொடர்பு வேறொரு வரலாற்றைக் கொண்டிருந்தது. 1990இல் மீண்டும் போர் மூண்டதோடு யாழ்ப்பாணக் குடாநாட்டின் தொலைபேசித் தொடர்பு அறுந்தது. மகன் கனடாவில், தாய் கோப்பாயில். இருவருக்கும் இடையே நேரடித் தடம் இல்லை. தாய் கப்பலிலோ தரைவழியாகவோ கொழும்பு வந்து, வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு லொட்ஜில் தங்கி, காலி வீதியோரத்து ‘கொமினிக்கேஷன்’ கடையின் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து அழைப்புக்குக் காத்திருந்தாள். எம்முட் சிலர் சிறுவராக அக்கதிரைகளில் இருந்து அக்காத்திருப்பைக் கண்டவர்கள். கண்ணாடிக் கூண்டின் கதவு மூடியிருப்பினும் அழுகை வெளியே கேட்கும். கடைக்காரர் நிமிடக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். பொறியியலாளரின் மொழியிற் கூறுவதாயின் வெள்ளவத்தை அன்று ஒரு மாற்று வழி. பிரதான தடம் துண்டிக்கப்பட்டபோது மனித உடலே செய்தியைச் சுமந்து சென்று வேலை செய்யும் தடம் ஒன்றிற் சேர்த்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி அந்த லொட்ஜ்களிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழர் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அக்கடைகளின் வரலாறு இன்னும் எழுதப்படாமலிருப்பது எமது ஆய்வாளரின் கவனக்குறைவு என்றே கூறவேண்டும்.

இதே ஆண்டுகளில் கடலுக்கடியில் வேறொன்று நிகழ்ந்துகொண்டிருந்தது. தென்கிழக்காசியாவையும் மத்திய கிழக்கையும் மேற்கு ஐரோப்பாவையும் இணைக்கும் ஒளியிழை வடங்களின் வரிசை 1990களில் இலங்கையைத் தொட்டது. அவ்வரிசையின் மூன்றாவது வடம் 1999இற் கல்கிசையிற் கரையேறிற்று. வெள்ளவத்தைக் கடைகளிலிருந்து அது சில மைல் தூரமே. சிங்கப்பூர் முதல் மார்செய் வரை ஏறத்தாழ 18,800 கிலோமீற்றர் நீளும் நான்காவது வடம் 2005இற் கொழும்பை அடைந்தது. ஐந்தாவது மாத்தறையிற் கரையேறியது. 2006இற் கல்கிசைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே தனி வடமொன்றும் போடப்பட்டது. வடங்கள் ஒவ்வொன்றும் பல நாட்டு நிறுவனங்களின் கூட்டுச் சொத்து. அவற்றுள் இலங்கையின் பங்கு சிறியது.

வடத்தின் வலிமையையும் மெலிவையும் 2004 ஆகஸ்ட் காட்டிற்று. கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே கப்பலொன்று இறக்கிய நங்கூரம் வடத்தை அறுத்தது. நாட்டின் இணையமும் வெளிநாட்டுத் தொலைபேசித் தொடர்பும் பெரிதும் பாதிக்கப்பட்டன. 2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அப்பால் வடங்கள் அறுந்தபோது தென்னாசியாவின் இணையம் தளர்ந்தது. மாற்று வழி இல்லாதவன் காத்திருந்தான். இருந்தவன் அவ்வழியே சென்றான்.

மாற்று வழியை எவர், எவ்வாறு தெரிவது? இணையத்தின் மூல அமைப்பில் ரவுட்டர் என வழங்கும் வழிப்படுத்தி ஒவ்வொன்றும் தன் அயலவரிடம் கேட்டறிந்து தானே முடிவு செய்தது. முழு வழியையும் அறிந்த மையம் எதுவும் இல்லை. கலாநிதி அபய இந்துருவவின் முன்முயற்சியில் 1990களின் தொடக்கத்தில் எமது பல்கலைக்கழகங்களை இணைக்கத் தொடங்கிய ‘லேர்ன்’ கல்வி ஆராய்ச்சி வலையமைப்பும் இம்மரபில் வந்ததே. வர்த்தக நிறுவனங்களுக்கு முன்னரே இணையம் இந்நாட்டிற் பல்கலைக்கழகங்களில் வேரூன்றியது என்பதை எமது மாணவர் மறத்தலாகாது. அம்முறையின் பலம், ஒன்று வீழ்ந்தாலும் மற்றையவை தாமே வழி தேடிக்கொள்வது. பலவீனம், ஒவ்வொன்றும் தன் அயலை மட்டுமே அறிவதால் ஒரு தடம் நெரிசலுற்றிருக்க இன்னொன்று வெறுமையாகக் கிடப்பது. எத்தடம் எப்போது அறும் எனத் தெரியாமையால் நிறுவனங்கள் தம் தொலைதூரத் தடங்களைச் சராசரியாக 30 முதல் 40 வீதமே பயன்படுத்தி எஞ்சியதை ஒதுக்காக வைத்திருந்தன. வெள்ளவத்தை ஆலையின் மொழியில், கதிர்களிற் பாதிக்கு மேல் உறங்கின.

கலிபோர்ணியாவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் நிக் மக்கியோன், மார்ட்டின் கசாடோ ஆகியோரும், பேர்க்லியிலிருந்து ஸ்கொட் ஷெங்கரும் ஈடுபட்ட ஆய்வுகளிலிருந்து புதிய முறை பிறந்தது. 2007இல் வெளிவந்த ‘ஈதேன்’ என்னும் ஆய்வு, ஒரு நிறுவனத்தின் வலையில் எவர் எவரோடு பேசலாம் என்பதை ஒரு மையத்திலிருந்து கட்டுப்படுத்துவதைப் பற்றியது. அதாவது இம்முறையின் தொட்டிலிலேயே அனுமதியும் தடையும் இருந்தன. 2008இல் ‘ஓபின்புளோ’ எனும் நெறிமுறை முன்வைக்கப்பட்டது. தீர்மானிக்கும் அறிவு பெட்டியிலிருந்து நீக்கப்பட்டு மையக் கணினிக்கு மாற்றப்பட்டது. பெட்டி கட்டளைப்படி சுமப்பதாயிற்று.

இதனைத் தரவு மையங்களுக்கிடையே உலகளாவிய அளவிற் செயற்படுத்தியது கூகிள் நிறுவனம். ‘பி4’ எனப் பெயரிடப்பட்ட தன் அகவலையமைப்பைப் பற்றி 2013இல் அது வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, பல தடங்கள் ஏறத்தாழ முழு அளவிற் பயன்படுவதாகவும் நீண்டகாலச் சராசரி 70 வீதம் எனவும் தெரிவித்தது. அதே ஆண்டு அதே மாநாட்டில் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் ‘சுவான்’ என்னும் ஒத்த அமைப்பை முன்வைத்து, வழக்கிலிருந்த முறையைவிட 60 வீதம் கூடுதலான போக்குவரத்தைச் சுமக்கலாம் எனக் காட்டியது. ஒதுக்கு இல்லாமல் இது எவ்வாறு இயலும்? விடை வரிசையில் இருக்கின்றது. கூகிளின் வலையிற் பயனாளரின் கடிதம், ஆவணம் முதலியவற்றின் பிரதிகள் முதல் வகுப்பு. தொலைவிலுள்ள சேமிப்பை அணுகும் கணிப்புகள் அடுத்த வகுப்பு. தரவு மையங்களை ஒத்திசைக்கும் பெருந்திரளான நகல்கள் கடைசி வகுப்பு. தடம் அறுந்தால் கடைசி வகுப்பு வழிவிட்டு நிற்கும். திரள் மிகுந்ததும் பொறுத்திருக்கக்கூடியதும் அதுவே என்பதால் அதுவே ஒதுக்காகின்றது. 1865இன் அரசத் தந்தி, அவசரத் தந்தி, சாதாரணத் தந்தி என்னும் வரிசையை நினைவுகூர்வார் இங்கு வியப்படையமாட்டார். ஒரு வேறுபாடு உண்டு: அன்றைய வரிசை நாடுகள் கூடி எழுதிய, எவரும் வாசிக்கத்தக்க உடன்படிக்கை, இன்றைய வரிசை ஒரு கம்பனியின் உள்விடயம்.

ஹரி பிரேவர்மன் 1974இல் வெளியிட்ட தமது நூலில், இருபதாம் நூற்றாண்டு முதலாளித்துவம் தொழிலாளியின் தலையிலிருந்த திட்டமிடலைப் பிரித்தெடுத்து முகாமையின் மேசைக்குக் கொண்டு சென்றமையை விளக்கினார். தீர்மானமும் சுமத்தலும் பிரிக்கப்படும் இவ்வலையமைப்பை அவ்விளக்கத்தின் வழியே நோக்கும் ஆசை எழுவது இயல்பு. ஆயின் இங்கு நிதானம் வேண்டும். ரவுட்டர் தொழிலாளியன்று, அதன் அறிவு பறிக்கப்பட்டதென வருந்துவது கவிஞருக்கு உரியது. உண்மையில் மாறியது ரவுட்டருக்குப் பக்கத்தில் இருந்த மனிதனின் நிலை. முன்னர் கிளைதோறும் சென்று பெட்டியொன்றொன்றாக ஒழுங்குபடுத்திய வலையமைப்பாளரின் திறன் இன்று மையத்திரை ஒன்றிற் சில வரிகளாகிவிடுகின்றது. அதேவேளை, நள்ளிரவில் பஸ்ஸேறி வவுனியாக் கிளைக்கு ஓடவேண்டிய தொல்லையும் அவருக்கு நீங்கியது. இரண்டும் உண்மை. முரண்பாட்டின் ஒரு பக்கத்தை மறைத்துவிட்டு எழுதப்படும் மார்க்சியம் எமக்குத் தேவையில்லை.

கொழும்பிலும் இம்முறை வந்துவிட்டது. வங்கிகளும் பெருங்கடைத் தொகுதிகளும் தமது கிளைகளை விலை கூடிய தனித் தடத்தோடு மலிவான அகலப்பட்டை, கைத்தொலைபேசி அலைவரிசை ஆகியவற்றையும் கலந்து இணைக்கின்றன. எந்தத் தரவு எவ்வழி செல்வதென மென்பொருள் கணத்துக்குக் கணம் தெரிகின்றது. காலி வீதியில் ஒரு வங்கிக் கிளையின் முன் வீதியைக் கிண்டும்போது கம்பி அறுந்தாலும் உள்ளே வரிசையில் நிற்பவர் அதனை அறியாமலே பணம் பெற்றுச் செல்கின்றார். இது நன்மையே; பொதுமக்கள் அனுபவிக்கும் நன்மை. ஆனால் இவற்றிற் பெரும்பாலான மென்பொருள்கள் அந்நியப் பல்தேசியக் கம்பனிகளின் உற்பத்தி. அனுமதிக் கட்டணம் டொலரிற் செல்கின்றது. 2022இல் அந்நியச் செலாவணி வரண்டபோது எரிபொருளுக்கும் மருந்துக்கும் பின்னால் இத்தகைய கட்டணங்களும் வரிசையில் நின்றன.

மையத்திலிருந்து ஆளும் ஆற்றல் வேறு கைகளுக்கும் உரியது. 2018 மார்ச்சில் திகன வன்செயலின்போதும், 2019 ஏப்ரலில் கொட்டாஞ்சேனையை அண்டிய கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் உள்ளிட்ட இடங்களில் குண்டுகள் வெடித்தபோதும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதி மக்கள் எழுச்சியின்போதும் சமூக ஊடகங்கள் தடைசெய்யப்பட்டன. இத்தடைகளுக்குப் புதிய வலையமைப்பு முறை காரணமன்று. பழைய முறையே போதுமாயிருந்தது. எனினும் மூன்றையும் ஒரே தராசில் இடுவதும் தவறு. இனவெறி பரவுவதைத் தடுக்கும் நோக்கமும் ஆட்சிக்கெதிரான குரலை அடக்கும் நோக்கமும் ஒன்றல்ல. ஆனால் ஒன்றுக்கெனச் செய்த விசை மற்றதற்கும் பயன்பட்டது.

2025 செப்டெம்பரிற் செங்கடலில் ஜெத்தாவுக்கு அண்மையில் வடங்கள் அறுந்தன. கொழும்பைத் தொடும் அந்த நான்காவது வடமும் அவற்றுள் ஒன்று. மைக்ரோசொஃப்ட் தனது முகிற்சேவையின் போக்குவரத்தை வேறு வழிகளில் திருப்பியதாகவும், தாமதம் கூடலாம் எனவும் அறிவித்தது. பல சமுத்திரங்களில் தடங்களை உடையவன் வழியை மாற்றினான். ஒரு தீவின் பயனாளர்க்கு அத்தெரிவு இல்லை. தமது வழங்குநர் வாங்கி வைத்திருக்கும் வழியே அவர்தம் வழி. குயிலுக்கு வழி கூறும் உரிமை மீண்டும் அனுப்புபவனிடம் வந்திருக்கின்றது, அனுப்புபவன் வானத்தையும் உடையவனாயின்.

1981 மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுட் பல ஓலைச் சுவடிகளுக்கும் பழைய இதழ்களுக்கும் வேறெங்கும் பிரதி இருக்கவில்லை. அந்த நினைவிலிருந்து தோன்றியதாகவே 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத் திட்டத்தை நாம் விளங்கிக்கொள்கின்றோம். தன்னார்வலர் பலர் வீடுவீடாகச் சென்று பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் மலர்களையும் திரட்டிப் படமெடுத்து இணையத்தில் ஏற்றினர். இக்கட்டுரைக்காகத் தேடிய பழைய இதழ்களைக்கூட வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டு அறையிலிருந்தே நாம் வாசிக்க முடிந்தது. பக்கம் ஒன்று திரையில் முழுதாகத் தோன்றச் சற்றே தாமதித்தது. அது சிங்கப்பூர் வழியாக வந்ததா, மார்செய் வழியாக வந்ததா என்பதை நாம் அறியோம். அதனைத் தெரிந்தவர் எவரோ, அவர் எம்மைக் கேட்கவுமில்லை.